நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை

நூகுஸ், ஆஸ்பத்திரி, ஏழாம் அறை
1998 ஏப்ரல் 2

பிபிகானுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இடுப்புக்கு மேலே நிச்சயமாக இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே இருக்கிறேனா என்பதை டாக்டர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

நடந்ததை நீ நாலு விதமாகக் கேட்டிருப்பாய். நான் சொல்வதுதான் சரி. சனிக்கிழமை கல்யாணத்தில் மூன்றாவது வாழ்த்துரையில் இருந்தேன். "இவங்க வாழ்க்கை அமுதார்யா நதி மாதிரி ஓடட்டும்" என்று கையை உயர்த்தினேன். கை உயர்ந்தது, கால் மடங்கியது. நேராகப் போய் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடமாகக் கல்யாண விருந்துகளை நடத்துகிற தமாதா நான், அதனால் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனம் கை தட்டியது. இரண்டாம் தடவை எழ முயன்று விழுந்தபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாம் தடவைதான் யாரோ ஒரு புண்ணியவதி அலறினாள்.

பிப்ரவரியில் வந்த அதே வியாதிதான். கால் துவண்டு கிடக்கிறது, ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி நிற்கிறது, தலைக்குள்ளே தறி ஓடுகிறது.

நீ வரவில்லை. எண்பது கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது. பஸ்காரர் கெங்கெஸ்பாய் கையில் சூப் வந்தது, அதோடு ஒரு வரிகூட வரவில்லை. கோபம் தீரவில்லை என்று சூப்பிலேயே தெரிந்தது, உப்பே இல்லை.

பிபிகான், நான் உன்னை விஷம் வைத்தவள் என்று சொல்லவே இல்லை. பிப்ரவரியில் பதினாறு நாளில் எழுந்து நடந்தபோது டாக்டர் சுல்பியா, "வீட்டுல இருக்கற ஏதோ ஒண்ணு உங்களுக்கு ஒத்துக்கல மாமா" என்றாள். அதை நான் ஷாரிபா அக்காவிடம் சொன்னேன். அக்கா எதையும் சுருக்கிச் சொல்கிறவள் என்று உனக்குத் தெரியும். ஊர் போய்ச் சேர்வதற்குள் "ஏதோ ஒண்ணு" என்பது "பிபிகான்" ஆகிவிட்டது. இதில் என் தப்பு என்ன?

போன் பண்ணலாம் என்றால் தபாலாபீஸ் பெண் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. கறுப்புச் சட்டையையும் அனுப்பு, இங்கே என்னைப் பார்க்க நிறைய பேர் வருகிறார்கள்.

உன் மாத்நியாஸ்


1998 ஏப்ரல் 5

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

சட்டை அனுப்பியிருக்கிறேன். சூப்பில் உப்பு போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகக் கெங்கெஸ்பாய்தான் சொன்னார். கோபத்துக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. கோபம் தனியாக நிறைய இருக்கிறது.

உங்கள் தப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை ரொட்டி சுட்டேன். வழக்கம்போல மூன்று ரொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், அப்புறம் கொல்லைப் பக்கம் போய் மாட்டுக்குப் போட்டார்கள். நான் வேலி வழியாகப் பார்த்தேன். மறுநாள் மாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். நன்றாக இருக்கிறதாம். உங்கள் ஊரில் என் பக்கம் பேசுவதற்கு அந்த மாடு ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள் அக்கா எனக்குப் பரிந்துதான் பேசுகிறாளாம். "பாவம், பிபிகான் வேணும்னே செஞ்சிருக்க மாட்டா" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்கிறாள்.

முப்பத்திரண்டு வருடம் உங்களுக்குச் சமைத்திருக்கிறேன். கொல்வதென்றால் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிற அளவுக்கு நான் சோம்பேறி இல்லை.

என்னைக் கேட்டால் இது ரொட்டியின் வேலை. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நம் மகள் கல்யாணத்தில், அத்தனை சம்பந்திகள் முன்னால், வாழ்த்துரை சொல்லும்போது நாக்குக்கு அடியில் வைத்திருந்த நஸ் உருண்டை பறந்து போய்ச் சம்பந்தியம்மாவின் தேநீர்க் கிண்ணத்தில் விழுந்தது. அந்தப் பச்சைப் புகையிலைத் தூளோடு நான் முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், சம்பந்தியம்மாவுக்கு ஒரு மிடறுகூடத் தாங்கவில்லை. அன்றைக்கு ரொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "இனிமே இந்த நாக்குக்கு அடியில ஒண்ணும் வைக்க மாட்டேன். வெச்சா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

இப்போது ஏதோ ஒன்று உங்களை அடித்துப் போட்டிருக்கிறது. நஸ் போடுகிறீர்களா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அதுவரை நான் வருவதாக இல்லை.

பிபிகான்


1998 ஏப்ரல் 8

பிபிகானுக்கு,

கேள்வி கேட்டாய், பதில் கேள். அதே ரொட்டி மேல் ஆணை, இரண்டு வருடமாக நஸ்ஸைத் தொடவில்லை. மோந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் போடும்போது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். போதுமா?

நீ அங்கே சந்தேகப்பட்டுக்கொண்டிரு. இங்கே என் மதிப்பு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் ரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு சத்து இருக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் தசை வேலை செய்யாதாம். எனக்கு இருக்கிற அளவில் மனிதனால் பேசவே முடியாது என்கிறாள் டாக்டர் சுல்பியா. நான் பேசுவதைக் கேட்டு அவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஊசியில் ஏற்றுகிறார்கள், ஏற்றியதெல்லாம் சிறுநீரில் போய்விடுகிறது. இது லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வியாதியாம். லட்சத்தில் ஒருவர், பிபிகான்! நம் மாவட்டத்திலேயே அத்தனை பேர் கிடையாது.

காலையில் பதினான்கு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். பெரிய டாக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுகிறார், கால் துள்ளுவதில்லை. "பாத்தீங்களா?" என்கிறார். எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். நேற்று அவர்கள் களைத்துப் போயிருந்தார்கள், அதனால் ஒரு சின்ன வாழ்த்துரை சொன்னேன். இரண்டு பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பெரிய டாக்டர் வெளியே அனுப்பிவிட்டார்.

ஆனால் ஒரு விஷயம். டாக்டர் சுல்பியா இன்னும் வீட்டை விடுவதாக இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்தா சரியாகுது, வீட்டுக்குப் போனா வருதுன்னா காரணம் அங்கதான் இருக்கு" என்கிறாள். ஆனால் இந்தத் தடவை பத்து நாளாகியும் இங்கே சரியாகவில்லை, அதுதான் அவளைக் குழப்புகிறது. கிணற்றுத் தண்ணீர், மாவு, எண்ணெய், நான் சாப்பிடுகிற கிண்ணம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சோதனைக்கு வேண்டுமாம். கோபப்படாமல் அனுப்பு. சின்னப் பெண், பச்சை மையில் எல்லாவற்றையும் எழுதுகிறாள், நல்லவள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

மாத்நியாஸ்


1998 ஏப்ரல் 11

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கெங்கெஸ்பாயின் பஸ்ஸில் இரண்டு பயணிகளை இறக்கிவிட்டு என் சமையலறையை ஏற்றியிருக்கிறேன்.

ஒவ்வொரு சீசாவிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், மழைத் தண்ணீர். கோதுமை மாவு, சோள மாவு, பூச்சி விழுந்த மாவு (அதை உங்களுக்குப் போட்டதில்லை, கேட்டால் சொல்லட்டும் என்று அனுப்பினேன்). பருத்தி எண்ணெய். போன வருட ஆட்டுக் கொழுப்பு. தேயிலை. தேயிலை மாதிரி இருக்கிற, அலமாரிக்குப் பின்னால் கிடைத்த ஏதோ ஒன்று. அடுப்பிலிருந்து சுரண்டிய மண். உங்கள் கிண்ணம், என் கிண்ணம், உங்கள் அக்கா வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கிண்ணம். பல்வலிக்கு நான் கடிக்கிற கிராம்பு. நீங்கள் தலை வைத்துப் படுக்கிற தலையணையிலிருந்து ஒரு பிடி பஞ்சு. நம் மாட்டின் பாலை அனுப்பியிருக்கிறேன், மாட்டை அனுப்ப முடியவில்லை.

கடைசிச் சீசாவில் என் வலது கையைக் கழுவிய தண்ணீர் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள், அதையே சோதித்துவிடட்டும்.

அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. அந்த டாக்டராவது, உங்கள் கடிதம் வழியாக இருந்தாலும், நேராகக் கேட்டாள். இந்த ஊரில் என்னிடம் ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானே உங்களோடு சேர்ந்து தேடியிருப்பேன்.

லட்சத்தில் ஒருவர் என்று ரொம்பத் துள்ள வேண்டாம், கால் துள்ளும் வரை.

பிபிகான்


1998 ஏப்ரல் 15

பிபிகானுக்கு,

உன் சீசாக்கள் சோதனைச் சாலையில் ஒரு சன்னல் முழுக்க நின்றன. மூன்று நாள் ஆனது. எல்லாம் சுத்தம். கையைக் கழுவிய தண்ணீரும் சுத்தம். அதில் சோப்பு மட்டும்தான் இருக்கிறதாம், டாக்டர் சுல்பியா உன்னிடம் சொல்லச் சொன்னாள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

அதனால் இப்போது வேறு வழியில் போகிறார்கள். சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம், எல்லோருக்கும் இருக்கிறதாம். எனக்கு அது வெறிபிடித்து வேலை செய்து சத்தையெல்லாம் வெளியே தள்ளுகிறது என்கிறார்கள். படம் எடுத்தார்கள். இடது பக்கத்தில் கொண்டைக்கடலை அளவு ஒரு புடைப்பு தெரிகிறது. அதை உறுதிப்படுத்துகிற ரத்தச் சோதனை இங்கே கிடையாது, தாஷ்கந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், பதில் வர ஒரு மாதம் ஆகும். என் இருதயம் ஒரு மாதம் தாங்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்து நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, தாஷ்கந்திலிருந்து ஒரு அறுவை நிபுணர் வருகிறார். வயிற்றைத் திறந்து அந்தச் சுரப்பியை எடுக்கப்போகிறார்கள்.

முதலில் எல்லோருக்கும் கை கொடுத்தேன். நன்றி சொன்னேன். அவர்கள் போன பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் சுல்பியா மறுபடியும் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கேட்டாள். என்ன சாப்பிடுகிறேன், என்ன குடிக்கிறேன், என்ன மருந்து. "வாயில ஏதாவது அடக்கிக்குவீங்களா மாமா?" என்றாள். அறையில் ஆறு பேர் இருந்தார்கள், ஒருவர் உன் பிறந்த ஊர்க்காரர். "ரெண்டு வருஷமா என் நாக்குக்கு அடியில ஒண்ணுமில்ல. ரொட்டி மேல ஆணை" என்றேன். எழுதிக்கொண்டாள்.

பயத்தில் வாய் உலர்ந்து போகிறது. அதற்கு ஒரு சின்ன வைத்தியம் வைத்திருக்கிறேன், அதை விடு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாட்டுக்கு முன்னங்காலில் இருந்த புண் ஆறிவிட்டதா? வடக்குச் சுவரில் விரிசலை வெயில் வருவதற்குள் பூசச் சொல். மகளுக்கு இதை எழுதாதே. தம்பி மகன் கல்யாணத்துக்கு வேறு தமாதாவை ஏற்பாடு செய்யச் சொல், ஆனால் அந்தக் கெகெய்லிக்காரன் வேண்டாம், அவனுக்கு மூக்கில் பேச்சு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை வர முடியுமா?

மாத்நியாஸ்


1998 ஏப்ரல் 17

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் உடம்பிலிருந்து எதையும் எடுக்க எனக்குச் சம்மதமில்லை. கடலை அளவாக இருந்தாலும் அது முப்பத்திரண்டு வருடமாக என் வீட்டில் இருந்தது.

சுவர், மாட்டுப் புண், மூக்குப் பேச்சு. உண்மை சொல்லும்போது நீங்கள் நாலு வரியில் முடிப்பீர்கள். எதையாவது மறைக்கும்போதுதான் வீட்டைச் சுற்றி வருவீர்கள். வாய் உலர்ந்தால் என்ன வைத்தியம்? ஏன் அதை விட வேண்டும்?

நஸ் இல்லை என்கிறீர்கள், ரொட்டி மேல் ஆணை என்கிறீர்கள், அதை நம்புகிறேன். ஆனால் வேறு ஏதோ இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமாக இருந்தபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

எழுதுங்கள். நான் திட்டமாட்டேன். திட்டினாலும் அப்புறம் திட்டுகிறேன்.

பிபிகான்


1998 ஏப்ரல் 19

பிபிகானுக்கு,

வெள்ளிக்கிழமை என்ன ஆகுமோ தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் வியாதி என்கிறார்கள். ரொட்டிதான் என்னை அடித்தது, அது எனக்குத் தெரியும்.

நஸ்ஸை விட்டேன், அது சத்தியம். ஆனால் முப்பது வருடம் வைத்துப் பழகிய இடம் காலியாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்? பேச எழுந்தால் வாய் வறண்டது, மூன்றாம் வாழ்த்துரையில் குரல் உடைந்தது. வாய்க்கால் கரையில் அதிமதுரம் காடாக வளர்ந்து கிடக்கிறது. ஒரு வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து, உருண்டை பிடித்து, நஸ் வைக்கிற அதே இடத்தில் வைத்தேன். தொண்டை தேனாக ஆனது. சின்ன உருண்டையில்தான் ஆரம்பித்தேன். அப்புறம் விருந்து இல்லாத நாளும் வைத்தேன். இப்போது காலை எழுந்தது முதல் படுக்கும் வரை நாக்குக்கு அடியில் அது இருக்கிறது, கரையக் கரைய விழுங்குகிறேன். பழைய நஸ் குடுக்கையில்தான் வைத்திருக்கிறேன்.

நான் நஸ் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நாக்குக்கு அடியில் ஒன்றும் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தமாதா அல்லவா, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அத்தனை பேர் முன்னால் ரொட்டியைத் தூக்கிப் பிடித்துச் சொன்னதை மீறியவன் என்று எப்படி ஒப்புக்கொள்வேன்? யார் என்னை விருந்துக்குக் கூப்பிடுவார்கள்?

பிப்ரவரியில் அவசரத்தில் குடுக்கை வீட்டில் மாவுப்பெட்டிக்குப் பின்னால் தங்கிவிட்டது. பதினாறு நாள் தவித்துப் போனேன். இந்தத் தடவை ஞாபகமாகத் தொப்பிக்குள்ளே வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். என் வயது ஆளிடம் தொப்பியைக் கழற்று என்று இங்கே எவனும் சொல்லமாட்டான்.

நான் பேசாமல் இருந்ததால் ஊர் உன்னைச் சந்தேகப்பட்டது. அது தெரிந்தும் பேசாமல் இருந்தேன். கத்தி வைக்கிறதைவிட அதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

மாத்நியாஸ்


1998 ஏப்ரல் 20

டாக்டர் மகள் சுல்பியாவுக்கு,

இது என் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம். நீ முதலில் பிரிக்க வேண்டும் என்று கெங்கெஸ்பாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் கையில் முதலில் போனால் உன்னிடம் வராது, தொப்பிக்குள் போய்விடும்.

நான் ஏழாம் வகுப்புவரை படித்தவள், வைத்தியம் தெரியாது. ஆனால் இவர் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிப்ரவரியில் குடுக்கை வீட்டில் இருந்தது, இவர் உங்களிடம் வந்து பதினாறு நாளில் எழுந்தார். வீட்டுக்கு வந்தார், குடுக்கையும் அவரும் சேர்ந்தார்கள், ஐந்து வாரத்தில் விழுந்தார். இப்போது குடுக்கையும் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது, இவர் எழவே இல்லை. நீ வீட்டில் ஏதோ ஒன்று என்று சொன்னது சரிதான் மகளே. அந்த ஒன்று இவர் கூடவே நடமாடிக்கொண்டிருந்தது.

அது அதிமதுரம். நாங்கள் பிள்ளைகளுக்கு இருமலுக்குக் கொடுப்பதுதான், அதில் கெடுதல் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கத்தியை எடுப்பதற்கு முன்னால் தொப்பியை எடுத்துப் பார். இவர் கத்தினால் நான் சொன்னேன் என்று சொல்.

இனி பிள்ளைகளின் அப்பாவுக்கு.

ஆணை வாங்கியவள் நான். அதை இன்றோடு திரும்பக் கொடுத்துவிட்டேன். ரொட்டி வேருக்காகக் கோபித்துக்கொள்ளாது, அது அவ்வளவு சின்னப் புத்திக்காரி இல்லை. எல்லோர் முன்னாலும் ஆணையிட்டீர்கள், எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த அறையில் ஆறு பேர் போதும்.

திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

பிபிகான்


1998 ஏப்ரல் 30

பிபிகானுக்கு,

இதை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலிவரை நடந்து வந்தேன்.

அன்றைக்கு வெளியே நடையில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. டாக்டர் சுல்பியா உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "மாமா, தொப்பியைக் கழட்டுங்க." நான் கோபித்துப் பார்த்தேன், முகம் சிவந்து பார்த்தேன். "பிபிகான் அத்தை சொன்னாங்க" என்றாள். கழற்றினேன்.

குடுக்கையைத் திறந்து மோந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்றாள். கையைக் குவித்துக் காட்டினேன். "ரெண்டு வருஷமா?" என்றாள். தலையாட்டினேன். பிறகு ஆறு பேருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன், ரொட்டியிலிருந்து ஆரம்பித்து. என் வாழ்நாளில் நான் பேசிய பேச்சில் இதுதான் சின்னது. யாரும் சிரிக்கவில்லை. உன் ஊர்க்காரர் மட்டும், அவர் அண்ணனும் நஸ்ஸை விட்டபிறகு அதைத்தான் தின்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து போன் பண்ண ஓடினார்.

அதிமதுரம் கொஞ்சமாக இருந்தால் மருந்துதானாம். "நீங்க தின்னது ஒரு வயல் மாமா" என்றாள். அவ்வளவு போனால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுமாம். பார்க்கிறவர்களுக்குச் சுரப்பிதான் பைத்தியமாகிவிட்டது என்று தோன்றுமாம். அந்தக் கடலை அளவுப் புடைப்பு ஒன்றும் செய்யாதாம், நிறைய பேருக்கு அது சும்மா இருக்குமாம். பெரிய டாக்டர் தாஷ்கந்துக்குப் போன் பண்ணி அறுவை நிபுணரை வர வேண்டாம் என்று சொன்னார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டாக்டர் சுல்பியா அழுதாள். "நூத்தியாறு கேள்வி கேட்டேன். தொப்பியைக் கேக்கல" என்றாள். நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். பொய் சொன்னவன் நான், அழுவது அவள்.

குடுக்கை அவளிடம் இருக்கிறது. பத்து நாள் ஆகிறது. ரத்த அழுத்தம் நூற்று நாற்பது. இன்று காலை பெரிய டாக்டர் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளி அவர் வயிற்றில் பட்டது. மாணவர்கள் கை தட்டினார்கள். இனி நான் லட்சத்தில் ஒருவன் இல்லை, வேர் தின்றவன். அவர்கள் என் கட்டிலை விட்டுப் போய்விட்டார்கள். ஒன்பதாம் அறையில் ஒருவருக்கு உடம்பு நீலமாகிறதாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சான்றிதழ் இருக்கிறது. டாக்டர் சுல்பியா முதலில் முடியாது என்றாள், இப்படி ஒன்று இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் கொடுத்ததில்லை என்றாள். நான் விடவில்லை. பெரிய டாக்டரிடம் போய் வட்ட முத்திரை வாங்கிவந்தாள். படித்துப் பார்: "மேற்படி நோயாளியின் நோய்க்கு அவர் மனைவி சமைத்த உணவு எவ்வகையிலும் காரணமல்ல என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." ஷாரிபா அக்காவிடம் காட்டு. முத்திரை இல்லாத எதையும் அவள் நம்பமாட்டாள், இருந்தால் எதையும் நம்புவாள்.

மே எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறேன். கேட்காமல் வருகிற தைரியம் எனக்கு இல்லை.

மாத்நியாஸ்


1998 மே 3

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

சான்றிதழ் வந்தது. உங்கள் அக்காவிடம் காட்டினேன். மூன்று தடவை படித்தாள், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள், "நான் அப்பவே சொன்னேனே" என்றாள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். எனக்கு அது வேண்டாம். நீங்கள் முத்திரை வாங்கி அனுப்பினீர்கள் என்பது மட்டும் வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஊர் பேச ஆரம்பித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் பயந்தேன். கண் சரியாகத் தெரியவில்லையே, எதையாவது மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று. நீங்கள் திரும்பி வந்தபிறகு, உங்கள் தட்டில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் நான் சாப்பிட்டுவிட்டு, அடுப்பங்கரையில் அரை மணி உட்கார்ந்து காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றபிறகுதான் கொண்டுவந்து வைத்தேன். சோறு ஆறிப்போகிறது என்று தினமும் கத்தினீர்கள். ஐந்து வாரம், மூன்று வேளை. அப்படியும் நீங்கள் விழுந்தீர்கள். அன்றைக்கு என் கையை நானே வெறுத்தேன். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கோபம் என்று எழுதினேன், பாதிதான் கோபம்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். கெங்கெஸ்பாயிடம் முன்சீட்டு சொல்லிவைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஆடு அடிக்கிறோம். அந்தக் கறியோடு குர்த்திக் செய்கிறேன், மாவுத் துண்டு மெல்லிசாக, நீங்கள் கேட்கிற மாதிரி, உப்பு மட்டும் குறைவாக. உங்கள் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்கள், கிணற்றடியில் பேசின அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் வருகிறேன் என்றார்கள், மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் முகமில்லை. ஒரே பெரிய தட்டு. என் கையால்தான் பரிமாறுவேன். முதல் வாய் நீங்கள் எடுக்க வேண்டும், இரண்டாவது உங்கள் அக்கா.

அன்றைக்கு வாழ்த்துரை வேண்டாம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் எல்லோரும் பார்க்க, உங்கள் காலில் எழுந்து நில்லுங்கள், அது போதும். கை பிடிக்க வேண்டியிருந்தால் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பிபிகான்